சீன எழுத்தில் கோட்டு வரிசை: போனில் தட்டுபவருக்கும் தேவையா?

பின்னல்நூல் (திருப்பூர்) | சனி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி கொள்முதல் பார்க்கிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை சீனாவில் ஜெஜியாங் மாகாணத்து ஷாவ்ஷிங் நகரில் இருக்கும் கெச்சியாவ் துணிச் சந்தைக்குப் போய் வருவேன். அதற்காகவே ஒன்றரை வருஷமாகச் சீனம் படிக்கிறேன். விலை பேசும் அளவுக்குப் பேச வரும். போனில் பின்யின் (ஆங்கில எழுத்தில் சீன உச்சரிப்பு) அடித்து, வரிசையாக வந்து நிற்கும் எழுத்துகளில் சரியானதைத் தொட்டு அனுப்பிவிடுவேன். அச்சில் இருந்தால் எழுநூறு எழுத்து அடையாளம் தெரியும். கையால் ஒன்றுகூட எழுதிப் பழகவில்லை. எந்தக் கோட்டை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடம், நமக்கு எதற்கு என்றே இருந்துவிட்டேன்.

போன வாரம் சந்தைக் கடைக்கார அம்மா ஒரு சீட்டைப் போட்டோ எடுத்து வீசாட்டில் அனுப்பினார். பேனாவால் வேகமாக எழுதியது, மூன்று வரி. எண்களைத் தவிர ஒன்றும் படிக்க முடியவில்லை. இரண்டாவது வரியில் 8 என்று போட்டு, ஒட்டினாற்போல் 'நான்கு' என்கிற சீன எழுத்து மாதிரி ஒன்று. ஒரு பெட்டி, உள்ளே இரண்டு கால். 84 என்றால் எட்டை மட்டும் எண்ணாகவும் நான்கை எழுத்தாகவும் ஏன் எழுத வேண்டும்? நான் 84 எதுவும் கேட்கவும் இல்லை. அதே வடிவத்தைப் போனில் விரலால் வரைந்து தேடினேன். சம்பந்தமில்லாத எழுத்துகள்தான் வந்தன.

அந்த அம்மாவிடமே கேட்டுவிடலாம். ஆனால் சீட்டுக்குச் சீட்டு கேட்டுக்கொண்டே இருக்க முடியாது. நாளைக்கு இருபது நிமிஷம் ஒதுக்க முடியும். அதைக் கோட்டு வரிசை பழகுவதில் செலவிடலாமா, இல்லை இன்னும் நூறு சொல் மனப்பாடம் செய்வது மேலா?

இங்கே சீன எழுத்தை ஒட்டினால் வெறும் கட்டமாகத் தெரிகிறது. படமும் ஏற மாட்டேன் என்கிறது. சொல்லாலேயே விளக்குங்கள்.

வெள்ளைக்கோட்டு | சனி, இரவு 10.35

சார், நான் ஷான்டோங்கில் ஆறு வருஷம் இருந்து டாக்டருக்குப் படித்தவன். எச்எஸ்கே என்கிற சீன மொழித் தேர்வின் நான்காம் படியைக் கணினியில் எழுதித்தான் தேறினேன். 1200 சொல், எல்லாம் விசைப்பலகை. கையெழுத்துப் பழகாததால் ஒரு மதிப்பெண்கூடப் போகவில்லை.

சீனர்களே இப்போது எழுதுவது குறைவு. 'பேனாவை எடுத்தால் எழுத்து மறக்கிறது' என்று அவர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு உண்டு, 'டி பி வாங் ஸ' என்பார்கள். நன்றாகப் படித்தவர்கூட 'தும்மல்' என்று எழுதச் சொன்னால் பாதியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பார். 2021-இல் வெளிவந்த புதிய ஒன்பது படித் தரநிலையிலேயே படிக்கத் தெரிய வேண்டிய எழுத்து 3000, கையால் எழுதத் தெரிய வேண்டியது 1200 என்று பிரித்துவிட்டார்கள். அரசே அப்படிப் பிரித்திருக்கும்போது, வேலைக்கு நடுவில் படிக்கிற நீங்கள் அந்த இருபது நிமிஷத்தைப் படிப்பதற்கும் கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். இதை மனதாரச் சொல்கிறேன், நேரம் போனால் வராது.

பினாங்குக்காரி | ஞாயிறு, காலை 7.15

டாக்டர் சொல்வது தேர்வுக்குச் சரி. சீட்டுக்குச் சரிவராது.

நான் பினாங்கில் சீனப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். எங்கள் பக்கம் தமிழ்ப் பிள்ளைகள் சீனப் பள்ளிக்குப் போவது புதிதில்லை. முதல் வருஷம் முழுக்க எங்கள் லாவ்ஷி கரும்பலகையில் ஒரு கோடு போடுவார், அதன் பெயரைச் சொல்வார், நாங்கள் முப்பது பேரும் சுட்டுவிரலைத் தூக்கிக் காற்றில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டே கூடச் சொல்வோம். படுக்கைக் கோடு ஹெங், நேர்க்கோடு ஷு, இடப்பக்கம் சரிவது பியே, வலப்பக்கம் சரிவது நா, புள்ளி டியென். நேரே போய் ஒடிந்து திரும்புவது ஜே. 'பத்து' என்றால் ஹெங், ஷு. 'ஆள்' என்றால் பியே, நா. பாட்டு மாதிரி ஏறிவிடும். இன்றைக்கும் ஒரு எழுத்து மறந்தால் கண்ணை மூடி விரலை அசைத்தால் கை கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

விதிகள் அதிகமில்லை தம்பி. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். படுக்கையும் நேரும் வெட்டிக்கொண்டால் படுக்கை முதலில். இரண்டு சரிவு சேர்ந்தால் இடச்சரிவு முதலில். நடுவில் ஒன்றும் இருபக்கமும் ஒவ்வொன்றுமாக இருந்தால் நடு முதலில், 'சிறிய' என்ற எழுத்து அப்படி. 'நாடு' என்ற எழுத்தைப் பாருங்கள்: இடச் சுவர், பிறகு மேலே போய் ஒடிந்து இறங்கும் சுவர், உள்ளே இருப்பதை எல்லாம் எழுதி முடித்து, கடைசியில் அடிக்கோடு. வீட்டுக்குள் ஆள் போன பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும் என்று லாவ்ஷி சொல்வார்.

இன்னொன்று. 'வாய்' என்கிற சதுரம் நான்கு கோடு இல்லை, மூன்று. மேல் கோடும் வலக் கோடும் பேனா எடுக்காமல் ஒரே ஒடிவு. பெரியவர்களாகி வந்து படிக்கிறவர்கள் நிறையப் பேர் அதை நாலு பக்கமும் தனித்தனியாக வரைகிறார்கள், இல்லையென்றால் ஒரே சுற்றாகச் சுற்றிவிடுகிறார்கள். நீங்கள் போனில் அப்படித்தான் வரைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் சீட்டு. அந்தப் பெட்டிக்கு வலப்பக்கச் சுவர் இருக்கிறதா? அடிக்கோடு எங்கே போய் முடிகிறது? இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

பின்னல்நூல் (திருப்பூர்) | ஞாயிறு, காலை 8.05

நன்றி அக்கா. வலச் சுவர் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. உள்ளே இருக்கும் இரண்டாவது கால் மேலிருந்து வளைந்து வந்து வலப்பக்க ஓரத்தில் முடிகிறது. அதையே சுவர் என்று எடுத்துக்கொண்டேன். அடிக்கோடு நீளமாக அடுத்த எண்ணுக்கு அடியில் வரைக்கும் ஓடுகிறது. மேல் கோட்டின் இடது முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

ரயில்பயணி (சென்னை) | ஞாயிறு, பகல் 12.20

நான் ஜப்பானிய மொழி படிக்கிறேன், இவ்வருஷம் கன்ஜி, அதாவது ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்து, அறுநூறு தாண்டியிருக்கிறேன். பினாங்கு அக்கா சொன்ன விதிகளில் எனக்குக் குழப்பம். 'வயல்' என்ற எழுத்து, நான்கு கட்டம் போட்ட சதுரம். எங்களுக்கு உள்ளே இருக்கும் நேர்க்கோடு முதலில், படுக்கைக் கோடு அதற்குப் பிறகு. 'அரசன்' என்ற எழுத்திலும் முதல் படுக்கைக்கு அடுத்து நேர்க்கோட்டை இறக்கிவிட்டுத்தான் மற்ற இரண்டு படுக்கை. 'வலது' எழுதும்போது சரிவு முதலில், 'இடது' எழுதும்போது படுக்கை முதலில். சீனத்தில் இரண்டுக்குமே படுக்கைதான் முதலில் என்று ஒரு செயலியில் பார்த்தேன். அப்படியானால் யாருடையது சரி? தப்பான வரிசையை அறுநூறு எழுத்துக்குப் பழகிவிட்டேனோ என்று கவலையாக இருக்கிறது.

காலிமுகத்திடல் (கொழும்பு) | ஞாயிறு, பகல் 2.45

ரயில்பயணி, கவலைப்படாதேங்கோ. நீங்கள் படிச்சது ஜப்பானுக்குச் சரி.

நான் கொழும்பில சீன நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பு செய்யிறன், இந்த விசயம் எனக்கு நெருக்கம். ஒரே எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை பழைய தூரிகைக் காலத்தில இருந்தே இருந்தது. பாடசாலையில ஆளுக்கொரு மாதிரிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை குழம்பும் எண்டுதான் ஒவ்வொரு அரசும் ஒண்டைத் தேர்ந்தெடுத்தது. ஜப்பானில 1958-இல கல்வி அமைச்சு 881 எழுத்துக்கு வழிகாட்டி வெளியிட்டது. அந்த வழிகாட்டியிலேயே, இதில சொல்லாத வரிசைகளைப் பிழை எண்டு சொல்ல வரேல்லை எண்டு எழுதியிருக்கு. சீனாவில 1997-இல 7000 எழுத்துக்கு வரிசையை வரையறுத்தார்கள். பிறகு 2013-இல 8105 எழுத்து கொண்ட புதுப் பட்டியல் வந்தது, அதுக்கான கோட்டு வரிசைத் தரம் 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தாய்வானுக்கு 1996-இல வந்த தனிக் கைநூல் இருக்கு.

'கட்டாயம்' எண்டு பொருள் தாற எழுத்தை எடுங்கோ. ஐந்தே கோடு. ஜப்பானியப் பிள்ளை மேல் புள்ளியில தொடங்கும், சீனப் பிள்ளை இடப்பக்கப் புள்ளியில தொடங்கும். எழுதி முடிஞ்சால் இரண்டும் ஒண்டுதான். எந்த நாட்டு மொழியைப் படிக்கிறீங்களோ அந்த நாட்டு வரிசையைப் பிடியுங்கோ. இரண்டையும் கலக்கிறதுதான் பிழை. பின்னல்நூல் அண்ணைக்குச் சீனாவின்ர வரிசை.

இன்னொரு விசயம். கோட்டு வரிசை எழுதத் தெரிய மட்டும் எண்டு நினைக்கக் கூடாது. அகர வரிசை இல்லாத எழுத்துக்கு அதுதான் அகர வரிசை. பெயர்ப் பட்டியல் போடுறதெண்டால் குடும்பப் பெயரில எத்தனை கோடு எண்டு எண்ணி அடுக்குவார்கள். எண்ணிக்கை சமமாய் வந்தால் முதற்கோடு என்ன வகை எண்டு பார்ப்பார்கள்: படுக்கை, நேர், இடச்சரிவு, புள்ளி, ஒடிவு. இந்த ஐந்தின்ர ஒழுங்குதான் முன்பின்னைத் தீர்மானிக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழா அணிவகுப்பு ஞாபகம் இருக்கோ? வழக்கம் போல கிரேக்கம் முதலில வந்தது. அடுத்து வந்தது கினி. சீனத்தில அதின்ர பெயர் தொடங்கிற எழுத்துக்கு இரண்டே கோடு. துருக்கி, யேமன், மாலைதீவு மூண்டுக்கும் முதல் எழுத்தில மூண்டு கோடு. ஆனால் துருக்கியின்ர எழுத்து படுக்கைக் கோட்டில தொடங்குது, யேமனும் மாலைதீவும் ஒடிவில தொடங்குது, அதால துருக்கி முன்னுக்கு. இந்தியாவுக்கு ஐந்து கோடு, இலங்கைக்குப் பன்னிரண்டு. நாங்கள் பின்னுக்கு வந்த காரணம் அதுதான். அண்டைக்குத் தொலைக்காட்சியில அதைப் பார்த்திட்டு ஏனெண்டு விசாரிக்கப் போய்த்தான் நான் இந்த மொழிக்குள்ளேயே வந்தனான்.

வெள்ளைக்கோட்டு | ஞாயிறு, மாலை 5.10

அணிவகுப்புக் கணக்கு எனக்குத் தெரியாது. நன்றி அண்ணா.

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். மருத்துவமனை வார்டில் பயிற்சிக்குப் போனபோது குறிப்பெல்லாம் கணினியில்தான். ஆனால் பழைய பேராசிரியர் ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். அதை நான் படித்ததே இல்லை. சீன நண்பனிடம் நீட்டுவேன், அவன் படிப்பான். அச்செழுத்தில் ஆயிரத்துக்கு மேல் தெரிந்தவன் நான், அந்தத் தாளில் ஐந்து எழுத்துகூடத் தேறாது. அவர் கையெழுத்து மோசம் என்றுதான் அன்று நினைத்தேன். நண்பன் ஒரு நொடியில் படித்தான் என்பதை யோசிக்கவில்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன் அக்கா. கையெழுத்தைப் படிப்பதற்குக் கையெழுத்து மாதிரிகளை நிறையப் பார்த்தால் போதாதா? எழுதித்தான் ஆக வேண்டுமா?

பினாங்குக்காரி | ஞாயிறு, இரவு 9.30

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அச்செழுத்தில் ஒவ்வொரு கோடும் தனியாக நிற்கும். கையால் வேகமாக எழுதும்போது பேனா முழுசாகத் தாளை விட்டு எழும்பாது. ஒரு கோடு முடிந்த இடத்திலிருந்து அடுத்த கோடு தொடங்கும் இடத்துக்குப் போகிற வழியில் மெல்லிய இழை ஒன்று விழும். ஓட்டமாக எழுதுவதற்கு ஷிங்ஷு என்று பெயர். கடைச் சீட்டு, பேராசிரியர் துண்டுத்தாள் எல்லாம் அதற்குப் பக்கத்தில் வரும். பார்ப்பவர் கண்ணுக்குக் கோடும் இழையும் கலந்து ஒரே சிக்கலாகத் தெரியும். எது கோடு, எது வெறும் பயணம் என்று எப்படிப் பிரிப்பது? வரிசை தெரிந்தால்தான் பிரிக்க முடியும். மூன்றாவது கோடு இங்கே முடியும், நான்காவது அங்கே தொடங்கும், ஆகவே நடுவில் இருக்கிற இந்தக் கீற்று எழுத்தில் சேராது என்று கை கண்ணுக்குச் சொல்லும். மாதிரிகளைப் பார்த்தே பழகலாம்தான் டாக்டர், ஆனால் ஆளுக்கு ஆள் கை மாறும்போது அது உதவாது. வரிசை மாறாது.

தண்ணீர் சம்பந்தப்பட்ட எழுத்துகளின் இடப்பக்கம் மூன்று சொட்டு இருக்கும். புள்ளி, புள்ளி, மூன்றாவது கீழிருந்து மேலே வலப்பக்கம் தூக்கி விடுவது. ஓட்டத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டி ஒரே வளைவாகிவிடும். மூன்றாவது மேல்நோக்கித் தூக்குகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த வளைவு தண்ணீர்தான். தெரியாதவர்களுக்கு அது ஒரு கொக்கி.

இப்போது பின்னல்நூல் தம்பியின் சீட்டு. நீங்கள் பார்த்தது நான்கு இல்லை. 'பி' என்ற எழுத்து, துணிச் சுருளுக்கான சொல். நீங்கள் துணி வியாபாரம், அந்தச் சொல்லை அச்சில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நான்கு: ஐந்து கோடு. இடச் சுவர் இறங்கும். அதன் உச்சியிலிருந்து மேல் கோடு போய் ஒடிந்து வலச் சுவராக இறங்கும். உள்ளே சரிவு, உள்ளே வளைந்த கால். அடிக்கோடு கடைசியில் வந்து மூடும். வீட்டுக்குக் கதவு உண்டு.

பி: நான்கே கோடு. மேல் படுக்கை முதலில் தனியாக. பிறகு உள்ளே சரிவு, வளைந்த கால். கடைசியில் இடச் சுவர் மேலிருந்து இறங்கி அப்படியே ஒடிந்து அடிக்கோடாக வலப்பக்கம் ஓடும். வலப்பக்கம் திறந்தே இருக்கும். 'மருத்துவர்' என்ற எழுத்துக்கும் இதே சட்டம்தான், மேல் கோடு முதலில், உள்ளிருப்பது எல்லாம் எழுதிய பிறகு அந்த ஒடிவு. டாக்டருக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் பொருந்துகிறது. மேல் கோடு இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அது தனிக்கோடு, முதலில் போட்டது. அடிக்கோடு அடுத்த எண்ணுக்கு அடியில் ஓடுகிறது, ஏனென்றால் அதுதான் கடைசி, கை அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டது. நான்கில் அடிக்கோடு வலச் சுவரை முட்டி நிற்குமே தவிர ஓடாது. போனும் அதனால்தான் ஏமாந்தது, நீங்கள் பெட்டியாக வரைந்து காட்டினீர்கள்.

இடதுகை (மதுரை) | திங்கள், காலை 6.40

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவின் விளக்கத்துக்குக் கை கூப்புகிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். நான் இடது கையால் எழுதுகிறவள். படுக்கைக் கோட்டை இடமிருந்து வலமாகப் போட்டால் எனக்குப் பேனாவை இழுக்க முடியாது, தள்ள வேண்டியிருக்கிறது. வலமிருந்து இடமாகப் போட்டால் சுலபம். எழுதி முடித்தால் கோடு கோடுதானே, திசையை மாற்றிக்கொள்ளலாமா?

காலிமுகத்திடல் (கொழும்பு) | திங்கள், காலை 7.30

தங்கச்சி, மாத்தாதேங்கோ. இப்ப சும்மா பயிற்சிக் கட்டத்துக்குள்ள எழுதும்போது வித்தியாசம் தெரியாது. வேகம் வந்த பிறகு அக்கா சொன்ன இழை எல்லாம் தலைகீழாய் விழும், வாசிக்கிற ஆளுக்கு வேற எழுத்தாய்த் தெரியும். என்னோட வேலை செய்யிற சீனப் பெண்ணொருத்தி இடது கைதான். தாளை வலப்பக்கமாய்ச் சரிச்சு வைச்சு எழுதுவா. திசையும் வரிசையும் மற்ற ஆக்களின்ர மாதிரியே. பேனாவை அழுத்தாமல் மைப்பேனா இல்லாட்டி ஜெல் பேனாவால எழுதினால் தள்ளுறது பெரிய பாடாய் இராது.

இழை எண்டதும் ஒரு விசயம் ஞாபகம் வருது. கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கு. சீனத் தளபதி ஜெங் ஹே கொண்டு வந்து நிறுத்தினது, சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும் ஒரே கல்லில. 1911-இல காலியில கண்டெடுத்தார்கள். சீனப் பகுதி மேலிருந்து கீழாய், வலமிருந்து இடமாய் நிரை நிரையாய் ஓடுது. ஒரு எழுத்தின்ர கடைசிக் கோடு பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில முடியிறதும், அடுத்த எழுத்து உச்சியில தொடங்கிறதும் அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு பொருத்தம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கல்லில வெட்டினதில இழை இல்லைத்தான். தூரிகையால மேலிருந்து கீழ எழுதினால் கை தானாய் அடுத்த எழுத்துக்கு இறங்கும்.

ரயில்பயணி (சென்னை) | திங்கள், இரவு 8.15

கொழும்பு அண்ணாவுக்கு நன்றி, மனசு லேசானது.

பயிற்சி எப்படிச் செய்வது என்று பின்னல்நூல் சார் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன். செயலியில் விரலால் எழுதுவதா, நோட்டில் எழுதுவதா?

பினாங்குக்காரி | திங்கள், இரவு 10.00

செயலி வரிசை தப்பினால் உடனே தடுக்கும், அதற்கு நல்லது. பிளெக்கோ அகராதியில் ஒவ்வொரு எழுத்தும் கோடு கோடாக விரிவதைப் பார்க்கலாம். ஸ்கிரிட்டர் நம்மையே எழுத வைக்கும். ஆனால் விரலுக்குத் திரை வழுக்கும், அளவும் இடமும் படியாது. நோட்டு வேண்டும். சதுரத்துக்குள் கூட்டல் குறி போட்ட கட்டத்தை 'வயல் கட்டம்' என்பார்கள். பெருக்கல் குறியும் சேர்ந்திருந்தால் 'அரிசிக் கட்டம்', அந்த எழுத்தின் வடிவமே அப்படி இருக்கும். ஆரம்பத்துக்கு வயல் கட்டம் போதும். அச்சடித்த நோட்டு கிடைக்காவிட்டால் கணக்கு நோட்டில் நான்கு கட்டத்தைச் சேர்த்து ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க எழுதாதீர்கள். எங்களை அப்படித்தான் எழுத வைத்தார்கள். பத்தாவது தடவைக்கு மேல் கை மட்டும் ஓடும், மனசு எங்கோ இருக்கும். ஐந்து தடவை பார்த்து, பிறகு மூடிவிட்டு இரண்டு தடவை. மறுநாள் பார்க்காமல் ஒரு தடவை. கோட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

விதி மீறுகிற எழுத்துகள் சில உண்டு, அதைத் தனியாகப் படிக்க வேண்டும். 'பெண்' என்ற எழுத்தில் படுக்கைக் கோடு கடைசியில் வரும். 'நடு' என்ற எழுத்தில் துளைத்துக்கொண்டு போகும் நேர்க்கோடு கடைசி. மேலே அல்லது இடமேல் மூலையில் புள்ளி இருந்தால் முதலில், 'கதவு' மாதிரி. வலமேல் மூலையில் இருந்தால் கடைசியில், 'நான்' மாதிரி. 'இந்த' என்ற எழுத்தில் அடியில் படகு மாதிரி ஓடும் நடைக்குறியைக் கடைசியில் போட வேண்டும். ஆனால் 'எழு' என்ற எழுத்தில் ஓடுகிற பகுதியை முதலில் எழுதி முடித்துவிட்டுத்தான் அதன் மடியில் மற்றதை உட்கார வைப்பது. 'பத்தாயிரம்' படுக்கை, ஒடிவு, பிறகு சரிவு. சீனர்களில்கூட நிறையப் பேர் சரிவை முன்னால் போட்டுவிடுவார்கள். 'ஒன்பது' மட்டும் சரிவில் தொடங்கும். இவற்றை யோசித்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், கேட்டு எழுதிக்கொள்வதுதான் வழி.

கொஞ்சம் கை படிந்த பிறகு 'யோங்' என்ற எழுத்துக்கு வாருங்கள். 'என்றென்றும்' என்று பொருள். எண்ணினால் ஐந்து கோடுதான், ஆனால் புள்ளி, படுக்கை, நேர், கொக்கி, தூக்கு, நீள்சரிவு, குறுஞ்சரிவு, வலச்சரிவு என்று எட்டு அசைவும் அதற்குள் இருக்கிறது. தூரிகை வகுப்பில் அதை வைத்துத்தான் தொடங்குவார்கள். 353-இல் வாங் ஷிஜி என்கிற தூரிகை எழுத்துக் கலைஞர் எழுதிய லான்டிங் முன்னுரையின் முதல் எழுத்தும் அதுவே. அம்மா கொடுத்த காசில் ஒரு தூரிகை வாங்கி அந்த ஒரு எழுத்தை ஒரு பள்ளி விடுமுறை முழுக்க எழுதினேன். இன்னும் எனக்கு அதன் கடைசிக் கோடு திருப்தியாக வரவில்லை, ஆனால் எழுதும்போது வருகிற நிம்மதி வேறு எதிலும் வருவதில்லை.

பின்னல்நூல் (திருப்பூர்) | வெள்ளி, இரவு 11.20

அக்கா, ஐந்து நாள் ஆயிற்று. பலன் சொல்கிறேன்.

திங்கள் இரவே 'நான்கு', 'பி' இரண்டையும் வரிசைப்படி எழுதினேன். மெதுவாக எழுதும்போது ஒன்றும் தெரியவில்லை. வேகத்தைக் கூட்டக் கூட்ட 'பி'யின் அடிக்கோடு தானாக வலப்பக்கம் ஓட ஆரம்பித்தது. என் கையிலேயே அந்தச் சீட்டில் இருந்த வடிவம் வந்துவிட்டது. சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. எட்டுச் சுருள். நான் கேட்டதும் எட்டுச் சுருள்தான்.

மூன்றாவது வரியில் 360-க்குப் பிறகு நட்சத்திரம் மாதிரி ஒன்று, கீழே வால் வைத்தது. அது என்ன என்று நான் இங்கே கேட்கவே இல்லை, கிறுக்கல் என்று விட்டிருந்தேன். அக்கா 'அரிசிக் கட்டம்' என்று சொன்னதும் பொறி தட்டியது. 'அரிசி' என்ற எழுத்தைத்தான் மீட்டருக்கும் எழுதுவார்கள், இரண்டும் 'மி'. இரண்டு சொட்டு, படுக்கை, நேர், இடச்சரிவு, வலச்சரிவு. நேர்க்கோட்டின் அடியிலிருந்து இடச்சரிவு தொடங்கும் இடத்துக்குப் பேனா ஏறிப் போன இழையைத்தான் நான் வால் என்று பார்த்திருக்கிறேன். எட்டுச் சுருள், 360 மீட்டர். சுருளுக்கு 45. கணக்கும் நேராகிறது.

முதல் வரி 'வெள்ளைத் துணி'. அதையும் நானே படித்தேன்.

டாக்டர் சார் சொன்ன நேரக் கணக்கையும் நான் தள்ளவில்லை. எல்லா எழுத்தையும் எழுதப் பழகப் போவதில்லை. என் தொழிலில் வருகிற எழுத்தை மட்டும் எடுத்துப் பட்டியல் போட்டேன். பாதிக்கு மேல் இடப்பக்கம் நூல் குறி வருகிறது: நூல், நெய்தல், சிவப்பு, பச்சை, தரம். அது மூன்று கோடு, ஒடிவு, ஒடிவு, தூக்கு. அந்தக் குறி கை படிந்தால் பாதி வேலை முடிந்தது என்று தோன்றுகிறது.

வெள்ளைக்கோட்டு | சனி, காலை 9.00

பட்டியலை வைத்துப் பழகுவது அருமையான யோசனை சார். நானும் அப்படியே செய்யப் போகிறேன். உடல் உறுப்புகள் பெரும்பாலானவற்றில் 'மாதம்' மாதிரி இருக்கும் சதைக் குறி வரும், அதிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பேராசிரியர் எழுதிக் கொடுத்த தாள்களில் இரண்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பின்னல்நூல் (திருப்பூர்) | ஏழு வாரம் கழித்து, செவ்வாய்

இந்தப் பழைய உரையாடலை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். கெச்சியாவிலிருந்து நேற்று வந்தேன். இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடையில் அந்த அம்மா ஏதோ கேட்டார். 'ஸா' என்று காதில் விழுந்தது. அந்தப் பக்கத்துக்காரர்கள் பேச்சில் 'ஷ' பாதி நேரம் 'ஸ' ஆகிவிடும். எந்த 'ஸா' என்று புரியாமல் நின்றேன். போனை எடுக்கலாமா என்று பார்த்தேன், அவர் இரண்டு கையிலும் துணி. கீழே வைத்துவிட்டு இடது உள்ளங்கையை விரித்து, வலது சுட்டுவிரலால் அதில் எழுதிக் காட்டினார். மை இல்லை, தடம் இல்லை, எழுதி முடித்தால் கையில் ஒன்றும் மிச்சமில்லை. முன்பும் பல தடவை இப்படி எழுதிக் காட்டியிருக்கிறார், நான் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தத் தடவை விரலைப் பார்த்தேன். ஒடிவு, ஒடிவு, தூக்கு. நூல் குறி. பிறகு வலப்பக்கம் நடுவில் ஒரு நேர்க்கோடு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கடைசியில் நீளமாக ஒரு சரிவு. 'ஷா'. நூல்.

எத்தனையாம் நம்பர் நூலில் நெய்தது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நானும் என் உள்ளங்கையிலேயே நான்கும் பத்தும் எழுதிக் காட்டினேன். சரியென்று தலையாட்டிவிட்டு நாற்பதாம் நம்பர் துணியை எடுக்க உள்ளே போனார்.